ரிப்பேருக்குப் போன வலது கால் ஷூ

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. சாப்பிடப் போன இடத்தில் கிடைத்தது. ஆம்பூரில் இருக்கும் என் தோழி ரஃபத் ஜஹான், "ஞாயித்துக்கெழம வா அமிர்தா, பிரியாணி பண்றேன், கத்தரிக்கா தனியா உனக்கு ஜாஸ்தி" என்று கூப்பிட்டிருந்தாள். வேலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கை கழுவிவிட்டு உட்காரும் நேரம் பார்த்து ஒரு பெண் அட்டைப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். பிரியாணி ஆறிப்போயிற்று, கதை கிடைத்தது. லாபமா நஷ்டமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெட்டிக்குள் ஒரு ஜோடி வெள்ளை ஷூ. பெண்கள் போடுவது, தாழ்ந்த ஹீல், முன்பக்கம் சின்னதாக ஒரு தோல் முடிச்சு. மறுநாளே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

முப்பது ஆண்டுகளின் மௌனத்தைச் சுமந்தபடி அந்த வெள்ளைக் காலணிகள்—

போனில் ரஃபத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"ஷூ மௌனத்தையெல்லாம் சுமக்காது அமிர்தா. நம்பளத்தான் சுமக்கும். அப்புறம் அது இன்னா காலணி? ஆம்பூர்ல எவன் காலணின்னு சொல்றான்?"

நியாயம்தான். அடித்துவிட்டேன். இரண்டாவது முயற்சி, பெட்டி கொண்டுவந்த அக்சாவை வைத்து:

அக்சாவுக்கு அம்மாவின் முகம் நினைவில் இல்லை, ஆனால் அம்மாவின்—

இந்த 'ஆனால்' வரைக்கும் வந்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது. எழுதுகிறவள் முந்திக்கொண்டு அழுதால் படிக்கிறவர் கொட்டாவி விடுவார் என்பது என் சொந்த அனுபவம். அதையும் விட்டுவிட்டேன். இனி நேராகச் சொல்கிறேன். அழகாக வரவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ரஃபத்தை அறிமுகப்படுத்த வேண்டும். ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஏனென்றால் அவள் இதைப் படிப்பாள்.

ஷூ தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவள். ஒரு பெரிய லேடீஸ் ஷூ பேக்டரியில் டிசைன் பிரிவே அவள் கையில். அது சம்பளத்துக்கு. ஆசைக்கு வேறொன்று வைத்திருக்கிறாள்: பெண்களின் பழைய ஷூவைப் பார்த்து அது எந்தக் காலத்தில் செய்தது, யார் காலுக்குப் பொருந்தும் என்று சொல்வது. பழைய ஷூ சேர்க்கிறவர்கள், நாடகக் கம்பெனிக்காரர்கள், மாமியார் வீட்டுப் பரணில் எதையாவது கண்டெடுத்த மருமகள்கள், எல்லோரும் அவளைத் தேடி வருவார்கள். அடக்கம் என்ற சமாச்சாரம் அவளிடம் மருந்துக்கும் கிடையாது.

"கையில குடு, பொறந்த வருஷத்த சொல்றேன்" என்பாள். "முன்ன பின்ன ஒரு அஞ்சு வருஷம். அதுக்கு மேல தப்பாது. என்ன வுட்டா இந்த ஜில்லாவுல ஆள் இல்ல."

சொல்லட்டும். எனக்குத் தெரிந்து தப்பியதே இல்லை. பார்க்கிறவர்களுக்குப் பொறாமை வரும், எனக்கும் வரும். ஒரு கதையைக் கையில் எடுத்து இது எங்கே தைத்தது, எங்கே ஒட்டுப்போட்டது என்று அப்படிச் சொல்ல என்னால் முடிந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். இப்போது இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறேன்.

உள்ளே இருக்கும் நம்பரை நம்பாதே என்பாள் ரஃபத். இங்கிலீஷ் கணக்கில் நாலு என்றால் பிரெஞ்சுக் கணக்கில் முப்பத்தேழு. அமெரிக்காக்காரனுக்கு அது வேறு நம்பர். அறுபது வருஷத்துக்கு முந்திய நாலு இன்றைய நாலைவிட ஒடுக்கமாக இருக்கும், பெரிய நம்பர்க்காரி என்று சொன்னால் வாங்க வந்தவளுக்குக் கோபம் வரும் என்று கடைக்காரனே நம்பரைக் குறைத்துப் போட்ட காலமும் உண்டாம். "நம்பர் பேசும், டேப்தான் உண்மைய சொல்லும்" என்று துணி டேப்பை ஷூவுக்குள் விட்டு, குதிகாலிலிருந்து விரல் நுனிவரை விரலாலேயே நீவிக்கொண்டு போவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கிற முகம்.

* ஒரு சின்னத் தகவல், இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தப் பக்கத்து பேக்டரிகளில் புது டிசைன் வந்தால் முதலில் 'சாம்பிள்' செய்வார்கள். லேடீஸ் ஷூ என்றால் பெரும்பாலும் முப்பத்தேழு சைஸ் மட்டும்தான். வெளிநாட்டு வியாபாரிக்கு ('பையர்' என்பார்கள்) போவது ஒற்றைக் கால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு கால் இங்கேயே இருக்கும். அதனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒற்றை ஷூவைக் கண்டால் யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது. ஒரு காலைப் பார்த்துவிட்டு ஜோடிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். இந்தப் பழக்கம்தான் இந்தக் கதையைக் கிளப்பிவிட்டது.

3

வாசலில் நின்ற பெண் அக்சா. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடுத்த மாதம் அவளுக்கு சர்ச்சில் கல்யாணம். உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தாள். சாப்பிடச் சொன்னோம், பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

"மேடம், இது எங்கம்மா கல்யாணத்துல போட்டது. பேரு ஜெபராணி. தொண்ணூத்திரெண்டுல கல்யாணம். எனக்கு நாலு வயசு இருக்கச் சொல்ல எறந்துட்டாங்க. பொடவ, வளையல்லாம் சொந்தக்காரங்க ஆளாளுக்கு எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அவங்களுதுன்னு வீட்ல இருக்கறது இது ஒண்ணு தான். இதத்தான் போட்டுக்கணும்னு சின்னதுலேர்ந்து ஆச."

"போட்டுக்கயேன். சைஸ் பாக்கணுமா?"

"சைஸும் பாக்கணும்." பெட்டியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "மொதல்ல இது எங்கம்மாவோடது தானான்னு பாக்கணும்."

விஷயம் இதுதான். பழைய ஷூ படம் போடுகிற ஒரு பேஸ்புக் குழுவில், இதை எப்படி மெருகேற்றுவது என்று கேட்டு அக்சா ஒரு படம் போட்டிருக்கிறாள். சுத்தமாக இருந்ததால் வலது காலை மட்டும். சத்தார் என்று ஒருவர், ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்கிறவர், கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிவிட்டார்: 'சிஸ்டர், இது தொண்ணூற்றிரண்டு இல்லை. இந்த ஹீலும் இந்த சோலும் இரண்டாயிரத்துக்கு அப்புறம்.'

"அப்பாவ கேட்டியா?"

"கேட்டேன். 'அம்மாவோடதுதாம்மா'ன்னாரு. என் மூஞ்சியப் பாக்காம சொன்னாரு மேடம். அதான் பேஜாரா இருக்கு."

"கல்யாண போட்டோவுல பாத்தியா?"

"பொடவ கால மூடிடுச்சு."

பிறகு அவள் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். என் சொந்தச் சரக்கு இதில் ஒரு சொல்கூட இல்லை.

"தினம் டியூட்டிக்குப் போறதுக்கு முன்ன பெட்டியத் தொறந்து ரெண்டு ஷூவுக்கும் முத்தம் குடுத்துட்டுத்தான் போவேன். சின்னப் புள்ளையிலேர்ந்து பழக்கம். அம்மா எறந்தது தொண்ணூத்தொம்போதுல. இது ரெண்டாயிரத்துக்கு அப்புறம்னா, நான் இத்தினி வருஷமா எவளோ ஒருத்தி ஷூவுக்கு முத்தம் குடுத்துட்டு இருக்கேன். அவ யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ரஃபத் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வரச் சொன்னாள். வாசல்வரை போன அக்சா திரும்பி, ஏதோ ஷூவுக்கு நற்சான்று கொடுப்பது போலச் சொன்னாள்: "சின்னதுல வீட்ல இடது கால் மட்டும் தான் இருக்கும் மேடம். வலது கால் எங்க போச்சுப்பான்னு கேட்டா ரிப்பேருக்குப் போயிருக்குன்னுவாரு, ஷூ பேக்டரிலதான் அவருக்கு வேல. நானும் ஞாயித்துக்கெழமயானா வந்துச்சா வந்துச்சான்னு உயிர எடுப்பேன். அஞ்சாவது படிக்கச் சொல்ல வந்துச்சு. நல்லாத்தான் ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்காங்க."

அவள் போன பிறகு நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீங்களும் இப்போது அப்படித்தான் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

4

ரஃபத் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, இரண்டு ஷூவையும் வைத்தாள்.

[இந்த இடத்தில் வெயில், ஜன்னல், தூரத்தில் பாங்கோசை என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் அங்கே ஜன்னலையெல்லாம் யாரும் பார்க்கவில்லை.]

நகத்தால் இடது ஹீலைத் தட்டினாள், மரச் சத்தம். வலதைத் தட்டினாள், பிளாஸ்டிக். கவிழ்த்தாள். இடது ஹீலின் அடித்துண்டைப் பொடி ஆணிகள் சுற்றிலும் பிடித்திருந்தன. வலதில் நடுவே ஒரே ஒரு கம்பி. இடதின் சோல் தோல், வலதில் ரப்பர். சோல் சேரும் இடத்தில் இடதில் பசை மஞ்சளாகப் பூத்திருந்தது, வலதில் பசை இருப்பதே தெரியவில்லை. உள்ளங்கால் படும் இடத்தை விரலால் அமுக்கினாள். இடதில் தோல், வலதில் அழுத்திய அட்டை.

"ஒரு சாட்சிய வெச்சு தீர்ப்பு சொல்லக் கூடாது. இங்க அஞ்சு இருக்கு" என்றாள். "இது ஜோடியே இல்ல அமிர்தா. ரெண்டு ஒத்தக் கால். இடது எம்பத்தொம்போதுலேர்ந்து தொண்ணூத்திமூணுக்குள்ள. வலது அதுக்குப் பத்து பாஞ்சு வருஷம் இளசு. அந்த சத்தார் பாய், ஒரு கால பாத்துட்டு ரெண்டு காலுக்கும் ஜாதகம் எழுதிட்டாரு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படியானால் ஒன்று அம்மாவுடையது! அக்சாவை உடனே கூப்பிடு என்று போனை எடுத்து நீட்டினேன். ரஃபத் என்னைக் கவனிக்கவே இல்லை. மேல் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். வலதின் மேல்தோல், முடிச்சு, மடிப்பு, ஓரம் எல்லாம் இடதின் அச்சு அசல். வெள்ளையிலும் ஒரு துளி மஞ்சள் கலந்து, இடது எவ்வளவு பழுத்திருந்ததோ அவ்வளவு பழுக்க வைத்திருந்தார்கள். தையலை லென்ஸ் வைத்து எண்ணினாள். ஒன்றுபோலவே இருந்தது. இடதின் உள்பக்கம், வளைவு திரும்பும் இடத்தில், அன்றைக்கு மிஷின் ஒரு தையலைத் தாண்டியிருந்தது. வலதிலும் அதே இடத்தில் ஒரு தையல் இல்லை. தாண்டவில்லை. வேண்டுமென்றே விட்டிருந்தார்கள்.

"யா அல்லா! இன்னா கை இது!" ரஃபத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "தப்பக் கூட உடாம காப்பி அடிச்சிருக்கான். இவன் என் சாம்பிள் ரூம்ல இருந்தா நான் நாற்காலியவிட்டு எந்திரிச்சு நிப்பேன்."

ஒரே ஒரு இடத்தில் அந்தக் கை சறுக்கியிருந்தது. அதுவும் இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே சறுக்கக்கூடிய இடம். இரண்டிலும் உள்ளே 'நாலு' என்று இருந்தது. டேப் விட்டு அளந்தால் வலது ஒரு மில்லிமீட்டர் நீளம். ஷூவை இழுத்துக்கட்டிச் செய்யும் அச்சுகள் இந்தப் பக்கத்து பேக்டரிகளில் ஒரு காலத்தில் இங்கிலீஷ் கணக்கில் இருந்தனவாம், பிறகு பிரெஞ்சுக் கணக்குக்கு மாறியிருக்கின்றன. நாலும் முப்பத்தேழும் ஒன்றுதான் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். முப்பத்தேழு அச்சில் செய்து நாலு என்று முத்திரை குத்திவிட்டார்கள். அந்த மில்லிமீட்டர் காலுக்குத் தெரியாது. ரஃபத்துக்குத் தெரியும்.

5

யார் செய்தது என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்கும்தான். அக்சாவின் அப்பா நத்தானியேல், மகள் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்ததால் வலது காலை ரிப்பேரிலிருந்து வரவழைத்துவிட்டார். மூல வலது கால் என்ன ஆயிற்று? [வீடு மாறும்போது தொலைந்தது. அல்லது நாய் தூக்கிக்கொண்டு போனது. அல்லது ஜெபராணியே—] "தெரியாதத எழுதாத" என்றாள் ரஃபத். சரி, எழுதவில்லை.

ஆனால் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. வலது ஷூ புதிதாக இல்லை. நன்றாக நடந்து தேய்ந்த ஷூ. யாரோ ஒரு பெண் போட்டு நடந்திருக்கிறாள். அக்சா பயந்தது இவளைத்தான்.

ரஃபத் டார்ச்சை உள்ளே அடித்தாள். போட்டு நடந்த ஷூவுக்குள் விரல்களின் தடம் பள்ளமாக விழுந்திருக்கும். இடதில் ஐந்து விரலும் தனித்தனியாக, சீராக. வலதில் நாலுதான். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டிருக்கிறது.

அவள் டார்ச்சை மேஜையில் வைத்துவிட்டு, வலது செருப்பைக் கழற்றி, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் இருந்தது.

"அமிர்தா" என்றாள். "இது என் கால்."

[இங்கே நீங்கள் 'அடப் போம்மா, கதைக்காக அளக்கிறாய்' என்று நினைக்கலாம். நானாக யோசித்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன், யாரும் நம்ப மாட்டார்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் இந்த ஊரில் இது நடக்கும். ஏன் என்று கேளுங்கள்.]

இருபது வருஷத்துக்கு முன் ரஃபத் ஒரு பேக்டரியில் டிரெய்னி. அவள் கால் முப்பத்தேழு, அதாவது சாம்பிள் செய்கிற அதே சைஸ். அப்படிக் கால் உள்ள பெண்ணை சாம்பிள் ரூம்காரர்கள் விடமாட்டார்கள். எந்தப் புது ஷூ வந்தாலும் போட்டுப் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். சிலதை மாதக்கணக்கில் போட்டு நடந்து தேய்த்துக் கொடுக்க வேண்டும், எங்கே விடுகிறது, எங்கே கடிக்கிறது என்று பார்க்க. அதற்கு வேர் டிரயல் என்று பெயர்.

"அங்க நத்து அண்ணன்னு ஒருத்தரு இருந்தாரு. ஜாஸ்தி பேச மாட்டாரு. ஒரு நாளு வெள்ள ஷூ ஒரு ஜோடி குடுத்து, 'பாப்பா, இத நல்லா போட்டுத் தேச்சுக் குடு, பையரு கேக்கறான்'னாரு. கேன்டீனுக்கு, பஸ்ஸுக்கு, எல்லாத்துக்கும் அதத்தான் போட்டேன். தோஸ்துங்க 'இன்னாடி மேம்சாப்'னு கிண்டல் பண்ணாளுங்க. திருப்பிக் குடுக்கச் சொல்ல அண்ணன் ரெண்டு கையாலயும் வாங்கிக்கினாரு. ஷூவப் போய் ரெண்டு கையால வாங்கறாரேன்னு நெனச்சேன். எந்த பையரும் இல்ல அமிர்தா. இவருதான் பையரு."

அக்சாவுக்குப் போன் போட்டு, உங்கப்பா எந்த பேக்டரியில் வேலை செய்தார் என்று மட்டும் கேட்டாள். அதே பேக்டரி. அந்த ஜோடியில் வலதை எடுத்து அம்மாவின் இடதோடு சேர்த்துவிட்டார். மீந்த இடதை என்ன செய்தாரோ, அது அவருக்குத்தான் தெரியும்.

6

அந்த வாரம் முழுக்க எனக்கும் ரஃபத்துக்கும் சண்டை. இரண்டு ஷூவும் தொண்ணூற்றிரண்டு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் நிம்மதியாகக் கல்யாணம் பண்ணிக்கொள்வாள் என்பது என் கட்சி. எழுதியே காட்டினேன்:

முடிவு அ: ரஃபத் புன்னகைத்தாள். "இரண்டுமே உன் அம்மாவுடையவைதான்" என்றாள். அக்சாவின் கண்களில்—

"நிறுத்து" என்றாள் ரஃபத். "மொதல்ல, நான் புன்னகைக்க மாட்டேன். ரெண்டாவது, என் வாயால பொய்த் தேதி வராது. ஒரு ஷூவுக்கு சொல்லிட்டா அப்புறம் நான் சொன்ன எல்லா ஷூவும் சந்தேகம்."

"ஒரு பொண்ணோட மனசு பெருசா, உன் பேரு பெருசா?"

"அவ மனசுக்குத்தான் சொல்றேன். அந்த சத்தார் எழுதினத அவ படிச்சுட்டா. நான் மறைச்சா, நாளைக்கு வேற ஒருத்தன் ஹீலத் தட்டிப் பாத்து சொல்வான். அன்னிக்கு அவளுக்கு அப்பாவும் பொய், நானும் பொய், அந்த இடது காலும் பொய். உண்மையான கால் ஒண்ணு இருக்கு அமிர்தா. அதக் காப்பாத்தணும்னா இன்னொண்ண சொல்லித்தான் ஆகணும்."

முடிவு ஆ: ஜெபராணி சாகவே இல்லை. அமிர்தி காட்டுப் பக்கம் ஒரு—

[மன்னிக்கவும். பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தில் எழுதியது.]

முடிவு இ: நத்தானியேலை வரவழைத்து அவர் வாயாலேயே சொல்லவைப்பது. இதற்காக அவரை ஒரு கதாபாத்திரமாக எழுதிப் பார்த்தேன். 'தோல் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கைகளோடு அந்த மனிதர்'. ஐயோ, வேண்டாம். நான் அவரைப் பார்த்ததே இல்லை. எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் ஒரு வலது காலில். அதிலும் விட்டுப்போன அந்த ஒரு தையலில். ஒவ்வொரு சாயங்காலமும் ஷிப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து, பழுதே இல்லாமல் தைக்கத் தெரிந்த கையால், செத்துப்போன மனைவியின் ஷூவில் எங்கே பழுது இருந்தது என்று பார்த்துப் பார்த்துப் பழுதாகத் தைத்திருக்கிறாரே, அந்த ஆளை எழுத எனக்குத் தகுதி போதாது. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, சந்தோஷமாகவே சொல்கிறேன்.

"அவர கூப்பிடாத" என்றாள் ரஃபத். "கேட்டது அவ. பதில் அவளுக்குத்தான்."

7

மறு ஞாயிறு அக்சா வந்தாள். இந்தப் பகுதியில் நான் கை வைக்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ரஃபத் இடது ஷூவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "இது உங்கம்மாவோடது. நான் கேரண்டி. யாரு இன்னா சொன்னாலும் என் பேரச் சொல்லு."

அக்சா அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மேஜையிலிருந்த வலதைப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, நல்ல சேதியை முதலில் சொன்னால் பின்னால் என்ன வரும் என்று தெரிந்தவள்.

"இது?"

"இது உங்கப்பா செஞ்சது. உனக்குப் பத்து வயசு இருக்கச் சொல்ல."

"ரிப்பேருக்கு…"

"எங்கயும் போகலம்மா. வலது கால் அதுக்கு முன்னயே இல்லாம போயிருக்கு. நீ கேட்டுட்டே இருந்த. அவரு செஞ்சுட்டாரு."

அக்சா வலதை எடுத்து இடதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப எங்கப்பா பொய் சொல்லிட்டாரு."

"சொன்னாரு" என்றாள் ரஃபத். "நான் இருபது வருஷமா ஷூ பாக்கறேன் அக்சா. இத்தாலிக்காரன் செஞ்சத பாத்திருக்கேன், ராஜா வீட்டு ஷூ பாத்திருக்கேன். இவ்ளோ ஒழுங்கா செஞ்ச ஒரு பொய்ய நான் பாத்ததில்ல."

லென்ஸைக் கொடுத்து அந்தத் தையலைக் காட்டினாள். இடதில் பார்க்கவைத்தாள், வலதில் பார்க்கவைத்தாள். அக்சா ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணிலிருந்து சொட்டியது லென்ஸில் விழுந்தது, துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"உள்ள கால் தடம் இருக்கே. அது யாரோடது?"

ரஃபத் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். வேர் டிரயல் கதையை முழுக்கச் சொன்னாள், மேம்சாப் கிண்டல் உட்பட. அக்சா அந்தச் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தினம் நான் முத்தம் குடுத்தது…"

"பாதி உங்கம்மாவுக்கு, பாதி எனக்கு. எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா பதிலுக்கு ஏதாவது குடுத்திருப்பேன்."

அக்சா சிரித்துவிட்டாள். சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாகி, அழுகைக்குள்ளேயே மறுபடியும் சிரித்தாள். ரஃபத் எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். நான் கத்தரிக்காயைச் சூடு பண்ணுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கிருந்தும் கேட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?" மேடம் அக்காவாகியிருந்தாள். "இது கடிச்சுதா?"

"ஒரு நாளும் கடிக்கல" என்றாள் ரஃபத். "புது ஷூ எல்லாம் மொதல்ல கடிக்கும். இது கடிக்கல."

பிறகு சைஸ் பார்த்தார்கள். வலது சரியாக இருந்தது, இடது ஒரு மயிரிழை பிடித்தது. தினம் கொஞ்ச நேரம் சாக்ஸ் போட்டு வீட்டுக்குள் நடந்தால் தோல் விட்டுக்கொடுக்கும், பழைய பசை கல்யாணத்தன்று மானத்தை வாங்கிவிடும், நானே பிரித்து ஒட்டித் தருகிறேன் என்றாள் ரஃபத். அக்சா நன்றாகச் சாப்பிட்டாள். கிளம்பும்போது, "அப்பாகிட்ட நீங்க யாரும் எதுவும் சொல்ல வேணாம்" என்றாள். "கல்யாணத்தன்னிக்கு நானே உனக்கு ஷூ மாட்டி வுடுவேன்னு சொல்லிட்டு இருக்காரு."

8

கல்யாணம் அடுத்த மாதம். கதையை நான் இந்த வாரம் கொடுத்தாக வேண்டும். அதனால் என்னிடம் முடிவு இல்லை. சாமர்த்தியத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே இன்னும் நடக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததைத் தருகிறேன். காலையில் சர்ச்சுக்குப் புறப்படும் முன் நத்தானியேல் மகள் முன்னால் முட்டி போட்டு, ஒவ்வொரு ஷூவாக மாட்டுவார். பெருவிரல் எங்கே நிற்கிறது என்று மேலிருந்து அமுக்கிப் பார்ப்பார். அப்புறம் ஒரு கேள்வி கேட்பார். சாம்பிள் ரூமில் வேலை செய்த எவரும் ஷூ மாட்டிவிட்டால் முதலில் கேட்கிற கேள்வி அதுதானாம், ரஃபத் சொன்னாள்: "ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்காம்மா?"

அக்சாவின் பதிலை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். 'ஆமாம்பா, ஒரே மாதிரி இருக்கு' என்று எழுதினேன். மனிதர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இத்தனை வருஷம் போலவே அதைத் தனியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 'வலது கால எப்பப்பா செஞ்சீங்க?' என்று எழுதினேன். அவர் முகத்தை என்னால் எழுத முடியவில்லை. ஒன்றும் சொல்லாமல் அவர் தலைமேல் கை வைக்கிறாள் என்று எழுதினேன், அது நான் வேறு எங்கோ பார்த்தது போலிருந்தது. மூன்றையும் அடித்துவிட்டேன்.

இனி உங்கள் பாடு. அவர் கேட்டுவிட்டார், மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதாவது ஒன்று சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அறுபது தாண்டிய மனிதர், ரொம்ப நேரம் முட்டி போட்டுக்கொண்டு இருக்க முடியாது.